நுரையீரல் சுருங்கிய பையனுக்கு டியூபா, காத்திருப்பா?

அக்கா மகனுக்கு 16 வயது. நெட்டை, ஒல்லி. ஊர் பென்னாகரம் பக்கம். படித்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று வலது நெஞ்சில் குத்தல். மூச்சை இழுக்கவே பயந்தான். தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கி, நுரையீரல் சுருங்கியிருந்தது. அடிபடவே இல்லை. வேகமாக உயரும் ஒல்லிப் பிள்ளைகளுக்கு நுரையீரல் உச்சியில் உள்ள சிறு கொப்புளம் உடைந்து இப்படி ஆவதுண்டு.

மூச்சுத்திணறல் ஏறிக்கொண்டே போனால், உதடு நீலம் பாய்ந்தால், ரத்த அழுத்தம் இறங்கினால் எது நல்லது என்று யோசிக்க நேரமில்லை. 108தான், போன உடனே காற்றை வெளியேற்ற வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் நிதானமாக மூச்சு விடும் பிள்ளைக்கு.

"ஒண்ணும் செய்யாம வெச்சிருக்காங்களே தம்பி" என்று அக்கா அழுதாள். காத்திருப்பதும் வைத்தியம்தான். கொப்புளம் உடைந்த இடத்தில் கசிவு அடைபட்டுவிட்டால் அந்தக் காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். 2020இல் வெளிவந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் 14 முதல் 50 வயது வரை 316 பேர். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு, காற்றை வெளியேற்ற நெஞ்சில் போடும் டியூபே தேவைப்படவில்லை. ஓராண்டுக்குள் மறுபடி வந்தது அவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு. டியூப் போட்டவர்களில் 16.8 சதவீதம் பேருக்கு. பெரும்பாலோர் பெரியவர்கள் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். வளர்ந்த பையனுக்கு என் ஓட்டு காத்திருப்பதற்குத்தான்.

ஆனால் அந்த ஆய்வில் யாரையும் பார்த்தவுடன் வீட்டுக்கு அனுப்பவில்லை. குறைந்தது 4 மணி நேரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து, ஆக்சிஜன் இல்லாமல் சிரமமின்றி நடக்கிறார்களா என்று பார்த்தே அனுப்பினார்கள். நம் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ராத்திரி 2 மணிக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? தர்மபுரி டவுனில் இருப்பவர் காத்திருப்பதும், அஞ்செட்டி மலையோரத்தில் இருப்பவர் காத்திருப்பதும் ஒன்றல்ல. தூரத்து ஊர் என்றால் சில நாள் அட்மிஷனிலேயே இருக்கட்டும், இல்லை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும்.

ஊசியால் காற்றை இழுப்பது சீக்கிரம் முடியும், வலியும் குறைவு. ஆனால் பலருக்கு அதோடு நிற்காது, அப்புறம் டியூப் போட வேண்டிவரும். திணறுகிற பிள்ளைக்கு டியூப் நம்பகமானது. வலியும் படுக்கை நாட்களும் அதற்கான விலை. மெல்லிய டியூப் போட முடியுமா என்று கேளுங்கள்.

கேமரா விட்டுக் கொப்புளத்தை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், முதல் தடவையே பெரும்பாலும் வேண்டாம். மறுபடி வந்தாலோ, டியூப் போட்டும் நாள்கணக்கில் காற்று கசிந்தாலோ தள்ளிப்போடவும் வேண்டாம்.

இவனை தர்மபுரியில் சித்தி வீட்டில் பத்து நாள் வைத்திருந்தோம். ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேவில் நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது. "மாமா, இனி கபடி ஆடலாமா?" என்றான். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் விட்டோம்.