குன்னூர் விடுமுறைக்கு இரவு ரயில்: முதல் வகுப்பு ஏசி கேபினில் மகனும் நாயும்

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குக் குடும்பத்தோடு குன்னூர் சென்று வந்தோம். நானும் கணவரும், எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், ஆட்டிசம் உள்ள எங்கள் ஒன்பது வயது மகனும், ஏழு கிலோ எடையுள்ள டேஷ்ஹண்ட் நாயும் என மொத்தம் ஐந்து உயிர்கள். நாயின் பெயர் புட்டு. பெயர் வைத்தவன் மகன். வெளியூர்ப் பயணம் என்று பேச்செடுத்தாலே, யாரை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வியில்தான் எங்கள் வீட்டில் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும். நாயைக் காப்பகத்தில் விட்டால் மகன் இரவில் உறங்குவதில்லை. மகனைப் பாட்டியிடம் விட்டுச் சென்றால் அது குடும்ப விடுமுறை ஆகாது. ஆகவே இரண்டு ஆண்டுகள் எங்கும் போகாமலே கழிந்தன. இந்த முறை சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸில், முதல் வகுப்பு ஏசி கேபின் ஒன்றின் நான்கு படுக்கைகளையும் எங்களுக்கே எடுத்துக்கொண்டு சென்றோம். இந்த மதிப்புரை அந்தக் கேபினைப் பற்றியது. மலையின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

காரில் செல்லலாம் என்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு; இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர்வது மகனுக்கு இயலாது. சில விமான நிறுவனங்கள் சிறிய நாயைப் பையில் வைத்து இருக்கைக்கு அடியில் கொண்டுசெல்ல விடுகின்றன. ஆனால் பாதுகாப்புச் சோதனையின் வரிசையும், ஓயாத அறிவிப்புகளும், முன்பின் அறியாத ஒருவர் உடலைத் தடவிப் பார்ப்பதும் அவனுக்கு எவ்வளவு துன்பம் தருபவை என்பதை ஒருமுறை அனுபவித்தே அறிந்திருக்கிறோம். எஞ்சியது ரயில்தான்.

இந்திய ரயில்வேயின் விதிப்படி, நாய் தன் உரிமையாளரோடு ஒரே பெட்டியில் பயணம் செய்ய வேண்டுமானால் அது ஏசி முதல் வகுப்பாகவோ முதல் வகுப்பாகவோ இருக்க வேண்டும்; அதிலும் இரண்டு படுக்கை கொண்ட கூப்பேயோ நான்கு படுக்கை கொண்ட கேபினோ முழுவதும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, சேர் கார், ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. இல்லையென்றால் ரயில் மேலாளர் (முன்பு ‘கார்டு’ எனப்பட்டவர்) இருக்கும் பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் தனியாக ஏற்றிவிட வேண்டும். புட்டுவை அப்படி ஏற்றிவிட்டு நாங்கள் ஏசி பெட்டியில் உறங்குவது என்பதை நினைக்கவே முடியவில்லை.

சக பயணிகளுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. ஆனால் எங்களுக்கு அது தந்தது உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு பயணம் செய்பவர்களுக்கு அந்தக் கதவின் அருமை தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆயினும் ரயில்வே மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் கட்டணச் சலுகை நான்கு பிரிவினருக்கே உரியது. அறிவுத்திறன் குறைபாடு அவற்றில் ஒன்று, ஆட்டிசம் தனிப் பிரிவாக அதில் இல்லை. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க இயலாத பிள்ளைக்கு அடைத்த அறை ஒன்றை உறுதியாக ஒதுக்கும் விதியையும் நான் கண்டதில்லை. நாய் இருந்ததால் முழுக் கேபின் எடுக்க வேண்டியதாயிற்று. முழுக் கேபின் எடுத்ததால் மகன் நிம்மதியாகப் பயணம் செய்தான். புட்டுவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முன்பதிவில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல் வகுப்பு ஏசியில் தட்கல் கிடையாது. ஆகவே நாள்களை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். டிக்கெட் உறுதியானாலும் கேபின் எழுத்தும் படுக்கை எண்ணும் அப்போது தெரியாது. சார்ட் எனப்படும் பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் ஒதுக்குவார்கள். நால்வரையும் ஒரே பி.என்.ஆரில் பதிவு செய்தது உதவியது என்று நினைக்கிறேன். நாய் வருவதைக் குறிப்பிட்டு, கேபின் வேண்டி ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்னரே ஒரு கடிதமும் கொடுத்தோம். கடிதம் கொடுத்தால் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. நாளை என்ன நடக்கும் என்பதை இன்றே படம் படமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு, பயண நாள் வரை விலகாத இந்த ஐயம் பெருஞ்சுமை. அதனால் மகனுக்காக நாங்கள் தயாரித்த படவரிசையில் இரண்டு வகைக் கதவுகளை வரைந்து, ‘இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்’ என்று ஒரு வாரம் சொல்லி வந்தோம்.

நாயை இணையத்தில் பதிவு செய்யாமல் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் நேரில் பதிவு செய்தோம். உறுதியான டிக்கெட், வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முந்தைய நாள் சான்று பெற்றுக்கொண்டோம். கட்டணத்தை லக்கேஜ் கணக்கில் வாங்குகிறார்கள். நமக்கு இலவசமாக உள்ள சுமை அளவில் நாயைச் சேர்த்துக்கொள்ள முடியாது. பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் பல மடங்கு அபராதம். புட்டுவின் பெயரில் தங்களுக்கு ஒரு ரசீது கிடைத்ததை மகன் பெரும் பேறாகக் கருதினான். அதை மடிக்கவும் விடவில்லை.

இனி அந்த இரவு. ரயில் ஒன்பது மணி அளவில் புறப்படுகிறது. கூட்டத்தைத் தவிர்க்க, கணவர் முன்னால் சென்று பெட்டிகளை வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்த பிறகே, காதை மூடும் ஹெட்ஃபோனோடு மகனையும் கூடைக்குள் நாயையும் நடைமேடைக்கு அழைத்துச் சென்றேன். கேபினுக்குள் நுழைந்து கதவை இழுத்துச் சாத்தியதும் வெளி இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. மகன் கதவைப் பதினோரு முறை திறந்து மூடிப் பார்த்தான். தாழ்ப்பாளின் ஓசை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கேட்டதில் அவனுக்கு நிறைவு. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லாததால், போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றடுக்குப் பெட்டியாக இருந்தால் மூன்றாவது முறையே எதிர் இருக்கையிலிருந்து அறிவுரை தொடங்கியிருக்கும்.

விளக்குகளை நாமே அணைத்துக்கொள்ளலாம். ஏசியின் சீரான இரைச்சல் சில பிள்ளைகளுக்குத் தொல்லையாக இருக்கும். எங்கள் மகனுக்கு அது தாலாட்டு. டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை கதவைத் தட்டுவார் என்பதையும் படவரிசையில் சேர்த்திருந்தோம். வந்தவர் மெல்லிய குரலில் பேசி, நாயின் ரசீதை மகனிடமே கேட்டு வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். மாமியார் கொண்டுவந்த இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் உண்டுவிட்டு, மகன் கீழ்ப் படுக்கையில் கனமான போர்வைக்குள் சென்று, புட்டுவின் காதை இரு விரல்களுக்கிடையே பிடித்தபடி காட்பாடி வருவதற்குள் உறங்கிவிட்டான். புட்டு பயிற்சி பெற்ற உதவி நாய் அல்ல. சோம்பேறியான வீட்டு நாய்தான். ஆனால் அந்தக் காது அவனுக்குச் செய்வதை எந்த மருந்தும் செய்ததில்லை.

விடியற்காலையில் ஒரு செய்தி. நீலகிரி எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர் சந்திப்பில் எஞ்சினை மாற்றிக்கொண்டு, வந்த திசையிலேயே திரும்பி மேட்டுப்பாளையம் நோக்கிச் செல்லும். இதை நாங்கள் படவரிசையில் சேர்க்க மறந்துவிட்டோம். ரயில் பின்னோக்கி நகர்ந்ததும் மகன் எழுந்து, ‘சென்னைக்குப் போகிறோம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழத் தொடங்கினான். கதவு மூடியிருந்ததால் அவன் அழுது முடிக்க இருபது நிமிடம் கிடைத்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காரமடை என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் தானாகவே அடங்கினான். இந்த ரயிலில் செல்பவர்கள் இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறை என்றால் முதலில் செலவுதான். தலைக்கு 2,000 ரூபாயை ஒட்டி, நான்கு பேருக்கும் சேர்த்து எட்டாயிரத்தைத் தொடுகிறது, அதுவும் ஒரு வழிக்கு. படுக்கை வேண்டும் என்றால் பிள்ளைக்கும் முழுக் கட்டணம். இது எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டும் வழி அல்ல என்பதை மறைத்து எழுதுவது முறையாகாது. இரண்டாவது, நாயின் இயற்கை உபாதை. இடையில் நிற்கும் நிலையங்களில் இறக்கி நடத்த நேரம் போதாது. நாங்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு புட்டுவுக்கு உணவு தரவில்லை, தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தோம், உறிஞ்சும் தாளைத் தரையில் விரித்தோம். நாயின் உணவும் தண்ணீரும் தூய்மையும் நம் பொறுப்பே.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தில் ஏறும் அந்த ரயிலின் விசிலும் குகைகளும் மகனுக்கு அதிகம் என்று தோன்றியது. வாடகைக் காரில் சென்றோம். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். தங்கிய இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நாய்க்கு இடம் உண்டு என்று தொலைபேசியில் சொன்னவர்கள், போய்ச் சேர்ந்ததும் இரவில் அதைப் பின்கட்டுக் கூண்டில் விட வேண்டும் என்றார்கள். சிறுத்தைகள் குடியிருப்புகளுக்குள் வந்து நாய்களைத் தூக்கிச் செல்லும் ஊர் அது. ஒரு மணி நேரம் வாதாடிய பின்னரே எங்கள் அறைக்குள் அனுமதித்தார்கள். ‘நாய் உறங்குவது எங்கே’ என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கும் அதே ரயிலின் கேபினே கிடைத்தது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்; அந்த ஒன்றைக் குறைப்பது, சார்ட் வரும் வரை காத்திருக்க வைக்கும் முறைக்காக. பேச்சு வராத, அல்லது குறைவாகப் பேசும் பிள்ளையோடும் பத்து கிலோவுக்குள் எடையுள்ள, அதிகம் குரைக்காத நாயோடும் செல்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எடுத்தவுடன் தொலைதூரம் வேண்டாம்; ஓர் இரவில் முடியும் ஊராகத் தேர்ந்தெடுங்கள். இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் புட்டுவின் இரண்டு ரசீதுகளும் ஒட்டப்பட்டிருக்கின்றன. மூன்றாவதற்கு மகன் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறான்.