போன் பறிபோனாலும் பெட்டி கட்ட வேண்டாம்: சஞ்சார் சாத்தி சேவை எப்படி?

சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்களின் போன் பறிபோனால், பலரும் முதலில் மறைப்பது வீட்டாரிடம்தான். "அப்பவே சொன்னோம்ல, பேசாம ஊருக்கு வந்துடு" என்ற பேச்சு வரும் என்று தெரியும். ஆனால் சிம் அப்பா பெயரில் இருக்கும், போன் வாங்கிய பில் ஊரில் பீரோவில் இருக்கும். சொல்லாமல் நகர முடியாது. இப்படித் தயங்கும் இரண்டு நாளில் சேதம் பெரிதாகிவிடுகிறது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், திருட்டுப் போனை முடக்கும் வசதி இருக்கிறது. கட்டணம் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது அதில் வேறு சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். உங்களுக்கு வரைபடத்தில் இடம் காட்டாது. இதை எதிர்பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

தேவையானவை: போலீஸ் புகாரின் நகல், அடையாள அட்டை, பில், அதே எண்ணுக்கு வாங்கிய மாற்று சிம். இழுபறி பெரும்பாலும் சிம்மில்தான். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு வர வேண்டும். மாற்று சிம் கையில் வந்தாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் இருக்கலாம், அது பாதுகாப்பு விதி. அதனால் ஓடிபியும் வராது. தளம் பழுது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், மறுநாள் பதியுங்கள். இரட்டை சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு, இரண்டையும் கொடுக்க வேண்டும். போலீசாரே முன்னதாகப் பதிந்திருந்தால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்காது. அது நல்ல செய்திதான்.

புகாரில் ஒரு சொல் முக்கியம். பறித்துக்கொண்டு ஓடியிருந்தால் "தொலைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். பறிப்பு, இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் வரும் குற்றம். புகாரைப் பெற்றதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பாமல் எஃப்ஐஆர் கேளுங்கள், இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். "எங்க லிமிட் இல்லை" என்றால், எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்பதே இப்போதைய சட்டம். மின்சார ரயிலில் பறிகொடுத்திருந்தால் ரயில்வே போலீசிடம் புகார் கொடுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை, போனுக்குள் இருப்பதை அது தொடுவதே இல்லை. வைஃபையில் போன் ஓடும். ஆகவே முடக்கப் பதிவுக்குக் காத்திராமல், முதல் மணி நேரத்திலேயே வங்கியை அழைத்து யுபிஐயை நிறுத்துங்கள். சிம்மை நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து பூட்டுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஐபோனைக் கணக்கிலிருந்து நீக்கவே கூடாது, நீக்கினால் பூட்டும் போய்விடும். "உங்கள் போன் கிடைத்தது" என்று லிங்கோடு வரும் எஸ்எம்எஸ் அந்தப் பூட்டைத் திறக்க விரிக்கும் வலை.

போன் கிடைத்தால் போலீசுக்குச் சொல்லிவிட்டு, பதிவின்போது தளம் தந்த கோரிக்கை எண்ணை வைத்து அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம். அந்த எண்ணைத் தொலைத்தவர்கள் திண்டாடுகிறார்கள்.

முடக்குவதில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம், மீட்டுத் தருவதில் இரண்டுதான். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் சிம்மை முதல் வாரமே தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். *#06# அடித்து வரும் எண்களைத் தாளில் எழுதி, பில் நகலோடு அறையில் வையுங்கள். பழைய போன் வாங்குவதாக இருந்தால் KYM என ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.