பெட்டி பழையது, எஸ்எஸ்டி புதியது: மதுரையில் ஒரு பாட்டுப்பதிவு அறையின் அனுபவம்

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் பதிவுக்கூடம். கோயில் மேளக்காரர்கள், நையாண்டி மேளக் குழுக்கள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒப்பாரியும் தாலாட்டும் பாட வரும் பெரியவர்கள் என்று இங்கே வருகிறவர்கள் பல வகை. 2022-இல் இந்த அறைக்காக லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ என்ற சிறு கணினியைப் பழையதாக வாங்கினேன். அன்றிலிருந்து எல்லாப் பதிவும் அதில்தான் நடக்கிறது. பழைய கணினி வாங்கிப் பாட்டுப்பதிவு செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி விவரம் கேட்பதால் எழுதுகிறேன்.

இது 2018-இல் வந்த மாடல். ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள தட்டையான பெட்டி. டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவையும் இதே வகைதான். அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவதால் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. என்னுடையதில் இருப்பது ஐ5-8400டி என்னும் எட்டாம் தலைமுறை ஆறு கோர் இன்டெல் செயலி. மின்சாரமும் சூடும் குறைவான 35 வாட் வகை. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். விண்டோஸ் 11 இன்டெல் வரிசையில் பெரும்பாலும் அங்கிருந்துதான் முறைப்படி ஓடும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விலை குறைகிறதே என்று ஏழாம் தலைமுறைப் பெட்டியை இன்னும் விற்கிறார்கள். வேண்டாம்.

வேகத்தைவிட நான் அதிகம் பார்த்தது சத்தத்தை. நாகஸ்வரத்துக்கு முன்னால் எந்தக் கணினி விசிறியும் கேட்காது. ஆனால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தணிந்த குரலில் ஒப்பாரி சொல்லும்போது மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, நன்றாக ஏற்றியாக வேண்டும். அப்போது அறையில் உள்ள ஒவ்வொரு முனகலும் பதிவில் ஏறும். சித்திரை மாதத்தில்கூட நாங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பாடச் சொல்கிறோம். “தம்பி, மிஷினைப் போட்டுவிட்டாயா?” என்று ஓர் அப்பத்தா பாதிப் பாட்டில் கேட்டார். அந்த அளவுக்கு அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதுரைப் புழுதிக்கு இந்த அமைதி தானாக நீடிக்காது. கோடைக்கு முன்னால் மூடியைத் திறந்து தூசியை ஊதி எடுக்கிறேன். வாங்கிய உடனே செயலியின் மேலிருந்த காய்ந்துபோன, வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன். விசிறியின் சத்தம் அதன் பிறகு தெளிவாகவே குறைந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வந்த, சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி விஷயத்தில்தான் மக்கள் வீண் செலவு செய்கிறார்கள். நான் வைத்திருக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரத்தில் ஒரு மைக் பதிவாக நொடிக்கு 1,44,000 பைட் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி. எட்டு மைக் வைத்து முழு மேளத்தைப் பதிவு செய்தாலும் நொடிக்கு 1.2 எம்பியைத் தாண்டாது. சாட்டா என்னும் பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் கொடுக்கிறது. அப்படியிருக்க, 3,500 எம்பி வேகம் என்று அட்டையில் அச்சடித்திருப்பதற்காக என்விஎம்இ என்னும் வேகமான வகை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதால் பதிவுக்கு ஒரு பயனும் இல்லை. வேறு இசைக்கருவிகளின் சாம்பிள் தொகுப்புகளை, அதாவது முன்பே பதிவு செய்த ஒலித்துண்டுகளை, ஏற்றி வாசிக்கிறவர்களுக்கு எஸ்எஸ்டி அவசியம்தான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கும் இங்கும் தேடி எடுக்கும் வேலை அது. ஹார்ட் டிஸ்க் அதில் திணறும். அதற்கும் சாட்டா போதும், கூடவே ரேம் 16 ஜிபி வேண்டும்.

பணத்தைக் கொடுக்க வேண்டிய இடம் தரம். ஒரு செல்லில் நான்கு பிட்டை அடைக்கும் மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டியில் முதலில் எழுதும் பகுதி வேகமாகப் போகும். உள்ளே இருக்கும் கேஷ் என்னும் தற்காலிக வேகப் பகுதி நிரம்பியதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடவும் மெதுவாகிவிடலாம். இரவு முழுக்க எடுத்த திருவிழாப் பதிவை மொத்தமாக நகல் எடுக்கும்போது இது தெரியும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையாகவும், டிராம் என்னும் தனி நினைவகச் சிப் உள்ளதாகவும் கேட்டு வாங்குங்கள். எழுத எழுத ஆயுள் குறைவதால் எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். எனக்குக் கணினியை விற்றவர் உள்ளே ஒன்றை வைத்தே கொடுத்திருந்தார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். ஆயுளில் பெரும்பகுதி எழுதித் தீர்ந்திருந்தது. அன்றே கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது போர்டில் நேராகச் செருகும் எம்.2 இடத்தில் விண்டோஸும் ரீப்பர் என்னும் பதிவு மென்பொருளும், 2.5 அங்குல இடத்தில் பாட்டுகள் மட்டும். இரண்டும் புதிதாக வாங்கியவை. இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டியில் பதிவு செய்யலாம். பதிவை அதில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவல் தாங்க வேண்டும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பின் அளவுகோல். வெப்பம் கூடினால் அந்தக் காலம் சுருங்கும். மதுரையில் சித்திரை, வைகாசியில் பூட்டிய அலமாரிக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? அந்த அப்பத்தாவை மறுபடி உட்கார வைத்து அதே பாட்டை வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு பதிவும் அன்றிரவே ஹார்ட் டிஸ்க் இரண்டில் போகிறது. ஒன்று என் அக்கா வீட்டில், அண்ணாநகரில் இருக்கிறது. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள் பலவற்றில் திடீர் மின்தடையைத் தாங்கும் கெபாசிட்டர்கள் இருப்பதில்லை. யுபிஎஸ் இல்லாமல் நான் பதிவைத் தொடங்குவதே இல்லை.

வாசித்த ஒலி கணினி வழியாக ஹெட்ஃபோனுக்கு வர ஆகும் தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்கு வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி ஆகிறது. தவில்காரர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே சங்கடமில்லாமல் வாசிக்கிறார். தொடக்கத்தில் இடையிடையே டிக் டிக் என்று ஒலி வந்தது. தடங்கலுக்குக் காரணம் தேடும் லேட்டன்சிமான் மென்பொருள் வைஃபை டிரைவரைக் காட்டியது. வைஃபையை, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பிலேயே அணைத்தேன், மின்திட்டத்தை உயர் செயல்திறனுக்கு மாற்றினேன், நின்றுவிட்டது.

குறை என்றால், தண்டர்போல்ட் என்னும் வேகமான இணைப்பு இல்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்களோடு நிற்க வேண்டும். வாங்கும்போது அசல் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்களின் பெட்டிகள் வேறு அடாப்டரைக் கண்டால் செயலியின் வேகத்தையே குறைத்துவிடும்.

மேக் மினி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 2012 மாடலில் ரேமும் டிஸ்க்கும் மாற்றலாம், ஆனால் அதற்கான மேக் ஓஎஸ் கேட்டலினாவோடு நின்றுவிட்டது. 2014-இல் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். 2018-இல் ரேமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்ற முடியாது. 2020-இல் வந்த எம்1 மினி அமைதியிலும் வலிமையிலும் என் பெட்டியை எளிதாக மிஞ்சும். கையில் பணமிருந்து 16 ஜிபி உள்ளது கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் அதிலும் எஸ்எஸ்டி போர்டோடு சேர்ந்தது. பணம் கொடுப்பதற்கு முன், அதில் இதுவரை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை விற்பவரின் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.