தண்ணீர் பம்பு ஓடணுமா, நிற்கணுமா? ஹ்வாங்கேயும் க்ரூகரும்

கோடை வந்தால் வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் காட்டுத் தொட்டியை நிரப்பும் படம் எப்படியும் கண்ணில் படும், கீழே கமெண்டில் வரிசையாகக் கும்பிடு போட்டிருப்பார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் காட்டுக்குள் நாம் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டால், ஆப்பிரிக்காவின் இரண்டு பெரிய தேசியப் பூங்காக்களிடம் இரண்டு பதில் இருக்கிறது.

ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே சுமார் 14,600 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கலஹாரி மணல். பெயருக்குக்கூட ஒரு ஜீவநதி இல்லை. 1928இல் சரணாலயமாக்கினார்கள், ஆனால் குட்டைகள் வற்றினால் விலங்குகள் கிளம்பிவிடும். முதல் வார்டன் டெட் டேவிசன் காலத்தில், 1930களில், ஆழ்துளைக் கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் யானைகள் வறண்ட மாதங்களிலும் அங்கேயே தங்கின, பெருகின. இன்று 40,000க்கு மேல் என்கிறது மதிப்பீடு. வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும், நீங்களே பெருக்கிப் பாருங்கள். டீசல் வந்தால்தான் தண்ணீர் என்றிருந்த இடத்தில் இப்போது பல பம்புகள் சோலாரில் ஓடுகின்றன. அப்படியும் 2023இல் மழை தள்ளிப்போனதில் 100 யானைகளுக்கு மேல் செத்தன.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகரும் இதே வழியில்தான் போனது. வேலி போட்டு விலங்குகளின் பழைய தடத்தை அடைத்த பிறகு, அதற்கு ஈடாகத் தண்ணீர் இறைக்கும் காற்றாலை, ஆழ்துளைக் கிணறு, சிற்றணை என்று 300க்கு மேல் கட்டினார்கள். அடி எங்கே விழுந்தது என்றால், ரோன் மான் மேல். வடக்குச் சமவெளியில், தண்ணீர் குறைவான உயரப் புல்லில், தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த அரிதான மான் அது. அங்கே தண்ணீர் வைத்ததும் வரிக்குதிரைகள் வந்து புல்லை மொட்டையடித்தன, வரிக்குதிரை பின்னாலேயே சிங்கம் வந்தது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1986இல் சுமார் 450 இருந்த ரோன், 1993இல் 45 ஆனது. 1994இல் அந்தப் பகுதியின் நீர்நிலைகளை மூடினார்கள். வரிக்குதிரைகள் நகர்ந்துவிட்டன, ரோன் மட்டும் எதிர்பார்த்தபடி திரும்பவில்லை. அதற்குப் பிறகு பூங்கா முழுவதும் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள்.

சரி, யார் செய்தது சரி? க்ரூகரில் மூட முடிந்தது, ஏனென்றால் சாபி, ஓலிஃபன்ட்ஸ், லெட்டாபா என்று ஆறுகள் இருக்கின்றன. ஆறு எட்டாத இடத்தில் புல் கொஞ்சம் மூச்சுவிடும், விலங்கும் அங்கே மொய்க்காது. அதனால் மூடியது எனக்குச் சரியாகவே படுகிறது, பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம். ஆனால் க்ரூகரைக் காட்டி ஹ்வாங்கேயிலும் நிறுத்து என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தொண்ணூறு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கூட்டம் அது, நிறுத்தினால் மிச்சமிருப்பது மணல்தான். அங்கே புதிதாகக் கிணறு தோண்ட வேண்டாம் என்றால் சரி. இருப்பதை ஓடவிட்டே ஆகவேண்டும், அதுவும் டீசல் லாரிக்குக் காத்திருக்காமல்.