எழுந்தால் சரியும் பிபி: தண்ணீரா, வயிற்றுப் பட்டையா, மாத்திரையா?

பார்க்கின்சன், லூயி பாடி மறதிநோய், மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி (மூளையின் பல பகுதிகள் சிதையும் நோய்) உள்ளவர்களுக்கு எழுந்து நின்றதும் பிபி சரிய முக்கியக் காரணம், இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் தாமாகவே இயக்கும் தன்னியக்க நரம்புகளின் பழுது. நிற்கும்போது ரத்தக்குழாய்களை இறுக்க வேண்டிய நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் போதுமான அளவு வெளிவருவதில்லை. இதே நோயாளிகளில் பலருக்குப் படுத்தால் பிபி எகிறும். அதனால் ஒரு வழி பிபியை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைவிட, படுக்கப்போகும் முன் அதன் வேலை ஓய்ந்துவிடுகிறதா என்பதே இங்கே முதல் கேள்வி.

நாற்காலியில் உட்கார்த்தி அளந்தால் இந்தச் சரிவு தப்பிவிடும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடங்களில் இரண்டு முறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் சரிவு உறுதி. மேல் எண் 30 விழுந்தும் நாடித்துடிப்பு 15கூட ஏறவில்லை என்றால் நரம்புக் கோளாறுதான் என்று சந்தேகிக்கலாம்.

எதையும் புதிதாகச் சேர்க்கும் முன், ஏற்கெனவே ஓடும் மருந்துகளை மருத்துவர் ஒரு முறை பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நீர் பிரிக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், பார்க்கின்சனுக்கான பிராமிபெக்சோல் ஆகியவை சரிவைக் கூட்டும். பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவும் கூட்டலாம். ஆனால் அதைத் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

தண்ணீரும் உப்பும்: சுமார் 500 மி.லி. வெறும் தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடித்தால், சில நிமிடங்களில் பிபி ஏறத் தொடங்கி அரை மணியில் உச்சம் தொட்டு, ஒரு மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடும். காலையில் எழும் முன் இதற்கு ஈடில்லை. உப்போ பழச்சாறோ கலந்தால் பலன் குறையும். விழுங்கும் சிரமம் இருந்தால் வேகமாகக் குடிக்கவே கூடாது. நீர் மூச்சுக்குழாயில் போய்விடும். உணவில் உப்பைக் கூட்டுவது உடலின் நீரளவை உயர்த்தும். ஆனால் அது இரவிலும் நிற்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

காலுறையும் வயிற்றுப் பட்டையும்: நிற்கும்போது ரத்தம் பெருமளவில் தேங்குவது வயிற்றுப் பகுதியில். முழங்கால்வரை போடும் காலுறை அதனால்தான் ஏமாற்றுகிறது. இடுப்புவரை இறுக்கும் காலுறை பலன் தரும், ஆனால் நடுங்கும், விறைத்த விரல்களால் அதை ஏற்ற முடியாமல் பலர் ஒரே வாரத்தில் தூக்கிப்போடுகிறார்கள். பட்டை எளிது. படுத்தபடியே கட்டி, பிறகு எழ வேண்டும். விலா எலும்புக்கு மேலே ஏறினால் மூச்சு முட்டும். படுத்ததும் கழற்றிவிடலாம், அங்கேதான் அது மாத்திரைகளை வெல்கிறது.

மிடோட்ரினும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும்: மிடோட்ரின் ரத்தக்குழாயை நேரடியாக இறுக்கும். 2.5 மி.கி.யில் தொடங்கி, தேவைக்கேற்ப 10 மி.கி.வரை, நாளில் மூன்று வேளை. கடைசி வேளை படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பாவது. தலை அரிப்பும் மயிர்க்கூச்சும் தொல்லை மட்டுமே. சிறுநீர் அடைப்பு வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு மதியம் தட்டையாகப் படுப்பதுதான் வழக்கமான தவறு. சாய்வு நாற்காலியில் ஓய்வெடுப்பது பாதுகாப்பு.

ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 0.1 மி.கி. உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். முழுப் பலன் தெரியப் பல நாள் ஆகும், படுக்கும் நேரத்துக்குள் அதன் வேலையை ஓயவைக்கவும் முடியாது. பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும், படுத்த பிபி ஏறும். முதலில் மிடோட்ரின் என்பதே எங்கள் தேர்வு. நீரளவு குறைந்து வற்றிய நோயாளிக்கும் வேளை தவறாமல் மாத்திரை தர ஆளில்லாதவருக்கும் மட்டும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை யோசிக்கலாம், பொட்டாசியத்தைச் சோதித்தபடி.

எதைத் தேர்ந்தாலும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களை 15 முதல் 23 செ.மீ. உயர்த்துவது கூடவே இருக்கட்டும். தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலே சாய்ந்தால் இரவில் சிறுநீராகப் போகும் நீர் குறைந்து, காலைச் சரிவு தணியும்.

வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. டிராக்ஸிடோபா உடலுக்குள் நார்அட்ரினலினாக மாறும். நரம்பு முனைகளே அழிந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பொருத்தம். பைரிடோஸ்டிக்மின் ஏற்றுவது கொஞ்சம்தான், ஆனால் படுத்த பிபியைக் கெடுப்பதில்லை. அது வேலை செய்ய நரம்புகள் உயிரோடு இருக்க வேண்டும். மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபியில் மூளை, தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதால் அங்கே அதை முயலலாம். வயிற்றுப்போக்கும் எச்சில் பெருக்கும் வந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.