மார்கரிட்டாவா, பலோமாவா?

இரண்டும் காக்டெயில்கள்; இரண்டுக்கும் அடிப்படை டெக்கீலா என்ற மதுதான். மெக்சிகோவின் நீல அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிப்பது. பிறகு வழி பிரிகிறது.

மார்கரிட்டாவுக்குக் கைவேலை அதிகம். பார்டெண்டர்களின் சர்வதேசச் சங்கம் சொல்லும் அளவு: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மணமுள்ள ட்ரிப்பிள் செக் என்ற இனிப்பு மது 20, எலுமிச்சைச் சாறு 15. ஐஸ் போட்டுக் குலுக்கி, விளிம்பில் உப்பு ஒட்டிய கோப்பையில் வடிக்க வேண்டும். சாறு அப்போதே பிழிந்ததாக இருக்கட்டும். பாட்டில் சாறு விட்டால் எல்லாம் பாழ். உப்பைப் பாதி விளிம்புக்கு மட்டும் ஒட்டினால் போதும் என்பேன்.

பலோமாவுக்குக் குலுக்கவே வேண்டாம். உயரமான கண்ணாடித் தம்ளரில் ஐஸ், டெக்கீலா, கொஞ்சம் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு; மேலே கிரேப்ஃப்ரூட் சோடா. அவ்வளவுதான். பம்பளிமாஸுக்கு நெருங்கிய சொந்தமான அந்தப் பழத்தின் மெல்லிய கசப்பு வெயிலுக்கு இதம்.

பிறப்புக் கதைகளில் மார்கரிட்டாவுக்குப் பஞ்சமே இல்லை. 1938இல் டிஹுவானா அருகே கார்லோஸ் எர்ரேரா ஒரு நடிகைக்காகக் கலந்தார் என்பார்கள். இல்லை, 1948இல் அகபுல்கோ விருந்தில் மார்கரிட்டா சேம்ஸ் கலந்தார் என்பார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. 1937இலேயே லண்டன் நூலொன்றில் 'பிக்காடோர்' என்ற பெயரில் இதே சேர்க்கை இருக்கிறது. பிராந்தியில் கலக்கும் 'டெய்சி' என்றொரு பழைய அமெரிக்கக் கலவையும் உண்டு. டெய்சிப் பூவுக்கு ஸ்பானிஷில் மார்கரிட்டா. பிராந்தி தீர்ந்த ஒரு ராத்திரி, டெக்கீலாவை ஊற்றிச் சமாளித்த எல்லையோரக் கடைக்காரர் ஒருவரைத்தான் நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

பலோமா என்றால் புறா. இதை முதலில் கலந்தவர் என்று, டெக்கீலா என்ற ஊரின் லா கபில்லா மதுக்கடைக்காரர் டான் ஹவியரைக் கைகாட்டுவார்கள். அவரோ, தான் இல்லை என்றே சொன்னார்.

இருவருக்கென்றால் மார்கரிட்டா கலப்பேன். இருபது பேருக்கென்றால் பலோமாதான். யார் நின்று குலுக்குவது?