ஐந்து லெவா வந்தது, பதக்கத்தின் தாள் வரவில்லை

பாரிஸிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு புது 2 யூரோ காசை என் கையில் வைத்தான். "மாமா, பல்கேரியா இந்த ஜனவரியிலதான் யூரோவுக்கு மாறியிருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்." முப்பத்தோரு வருடம் வங்கிக் காசாளராக இருந்தவனுக்கு, காசு கைக்கு வந்ததும் விரல் தானாக விளிம்புக்குப் போகும். அதில் எழுத்து ஓடியது. 'கடவுளே, பல்கேரியாவைக் காப்பாற்று' என்று பொருளாம். இதே வாசகம் 1884-ஆம் வருடத்து 5 லெவா (லெவா என்பது யூரோவுக்கு முன் பல்கேரியாவில் இருந்த பணம்) வெள்ளிக் காசின் விளிம்பிலும் உண்டு என்று தெரிந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அதைத் தேடித்தான் பழைய காசும் பதக்கமும் விற்கும் ஓர் ஏல நிறுவனத்துக்குள் போனேன். ஐரோப்பாவில் இருக்கிறது, இணையத்திலேயே ஏலம் கேட்கலாம். பெயர் வேண்டாம், கீழே ஒரு புகார் இருக்கிறது.

முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசு வாங்காவிட்டாலும் அதைப் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், எந்த நாணய அச்சகம், எத்தனை அடித்தார்கள் என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். 1894-ஆம் வருடத்து 100 லெவா தங்கக் காசு, பல்கேரியாவை ஆண்ட முதலாம் பெர்டினாண்ட் தலை போட்டது, 2,500 மட்டுமே அடித்ததாம். எடை 32.258 கிராம். நம் கணக்கில் நாலு சவரனும் கொஞ்சமும். ஆனால் ஆரம்ப விலையைப் பார்த்தால் நாலு சவரன் விலையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதற்குத்தான் அவ்வளவும். 1912-இல் சுதந்திரப் பிரகடனத்தின் நினைவாக வந்த 100 லெவாவும் இருந்தது. அந்தக் காசைப் பின்னாளிலும் திரும்ப அடித்திருக்கிறார்கள். இவர்கள் 'இது மறு அச்சு' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். மறைத்து விற்கிறவர்களும் உண்டு, அதனால் இதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

14-ஆம் நூற்றாண்டு அரசன் இவான் அலெக்சாந்தர் மகனோடு நிற்கிற சின்ன வெள்ளிக் காசும் வந்தது. அறுநூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு, லட்சத்தில் போகும் என்று நினைத்தேன். நான் வாங்கிய 5 லெவா விலைக்கே போனது. கிடைப்பது நிறைய என்றால் வயது விலை ஏற்றாது போலிருக்கிறது.

ஏலம் இங்கே இரவு பத்தரைக்கு ஆரம்பித்தது. புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கூவுகிறவர் முகம் தெரியும், எதிரே கேட்கிறவர் வாய் துடிப்பதும் தெரியும். இங்கே திரையில் ஒரு எண் மாறுகிறது, அவ்வளவுதான். என் காசின் முறை வருவதற்குள் மணி ஒன்று. வீட்டுக்காரி எழுந்து வந்து, "ஏங்க, இன்னும் அந்த சிங்கக் காசு வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். லெவா என்பதன் ஒருமை லெவ், லெவ் என்றால் பழைய பல்கேரிய மொழியில் சிங்கம் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தேன்.

5 லெவா 60 யூரோவுக்கு முடிந்தது. கூடவே, ஆசைப்பட்டு, முதல் உலகப் போரில் கலந்துகொண்டவர்களுக்குப் பல்கேரிய அரசு கொடுத்த '1915-1918' பதக்கம் ஒன்று, சான்றிதழ்த் தாளோடு, 25 யூரோ. ஆக 85. இதற்கு மேல் நிறுவனத்தின் கமிஷன் நூற்றுக்கு இருபது, அது 17. தபால் செலவு 30. மொத்தம் 132 யூரோ. அப்புறம் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம், வாசலில் தபால்காரரிடம் சுங்க வரி. முதல் தடவை கேட்பவர்கள் திரையில் தெரியும் விலையோடு பாதியையாவது சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

காசு அருமை. நேரு வீதி நகைக்கடைத் தம்பி தராசில் போட்டுவிட்டு, "24.86 ஐயா, வெள்ளி சுத்தமா இருக்கு" என்றார். புதிதில் 25 கிராம், அதில் பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளி, விட்டம் 37 மில்லிமீட்டர். பழைய பிரெஞ்சு 5 பிராங் வெள்ளியின் அளவும் அச்சு அசல் இதுவே. பல நாடுகள் ஒரே அளவில் காசு அடிக்கப் பிரான்ஸ் முன்னின்று 1865-இல் ஏற்படுத்திய லத்தீன் நாணயக் கூட்டமைப்பின் அளவை பல்கேரியாவும் எடுத்துக்கொண்டது. விக்டோரியா ராணி ரூபாய் இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் இந்த எடை வராது. ஒரே குறை, எப்போதோ யாரோ புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி ஒரு பளபளப்பு. பட்டியலில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற வார்த்தை இல்லை. படத்தில் விளக்கை அடித்து எடுத்ததால் எனக்கும் தெரியவில்லை.

பதக்கம்தான் வயிற்றெரிச்சல். சான்றிதழ் வரவே இல்லை. ரிப்பனும் புதிது, நேராகத் தொங்குகிறது. பல்கேரியப் பதக்கத்துக்கு ரிப்பனை முக்கோணமாக மடித்துத்தான் தைப்பார்கள், நேராகத் தொங்குவது பிரெஞ்சு வழக்கம். எனக்கு இது தெரியக் காரணம் தாத்தா. அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய். அவருடைய 1914-1918 வெண்கலப் பதக்கம் எங்கள் அலமாரியில் நேராகத்தான் தொங்குகிறது. காசை எடை போட்டால் அதுவே தன் கதையைச் சொல்லிவிடும். பதக்கம் அப்படியில்லை. யார் நெஞ்சில் இருந்தது என்று சொல்ல ஒரு தாள் வேண்டும். தாள் போனால் அது வெறும் உலோகம்தான், அதற்கு 25 யூரோ அதிகம்.

மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம். மரியாதையான பதில்தான். ஆனால் 25 யூரோப் பதக்கத்துக்கு இங்கிருந்து அனுப்பும் செலவு யார் தலையில்? காசைத் திருப்ப நினைத்தாலும் முடியாது. நூறு வருடம் கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே உள்ளே வந்தது வந்ததுதான். வாங்கும் முன்பே விளிம்பின் படம், சாய்த்து எடுத்த படம் இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டால் தருகிறார்கள், நான்தான் கேட்கவில்லை.

இவர்களிடம் காசு மறுபடியும் வாங்குவேன். 1881-ஆம் வருடத்து 10 ஸ்டோடிங்கி (லெவாவின் சில்லறை) வெண்கலம், பர்மிங்காமில் ஹீட்டன் அச்சகம் அடித்தது, அடுத்த ஏலத்தில் வருகிறது. பதக்கம் இனி வேண்டாம்.

வந்த பதக்கத்தின் ரிப்பனை வீட்டுக்காரி பிரித்து, பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்து முக்கோணமாக மடித்துத் தைத்துவிட்டாள். தாத்தாவின் பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். பிரெஞ்சுப் படையும் பல்கேரியப் படையும் கிரேக்க நாட்டுச் சலோனிகா போர்முனையில் 1918 செப்டம்பர் 29 வரை எதிரெதிரே நின்றவை. தாத்தா எந்த முனைக்குப் போனார் என்று எழுதியிருந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.